கல்யாணப் படம்: மணப்பெண் கேட்க வேண்டிய கேள்விகள்



திருவாலங்காட்டின் புகழைக் கடல் கடந்து கொண்டுபோனதில் புகைப்படத்துக்கும் பங்கு உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனியைப் பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோதேன் நேரில் பார்த்ததே இல்லை. விக்டர் கொலூபெவ் என்ற அறிஞர் சேகரித்து வைத்திருந்த புகைப்படங்களைத்தான் அவர் பார்த்தார். பல கோணங்களில் எடுக்கப்பட்ட அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, 1913-இல் சிவ நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரோதேன் 1917-இல் காலமானார். கட்டுரை 1921-இல் பாரிசில் படங்களோடு நூலில் வெளிவந்தது. சிலையைச் சுற்றி வந்து, வெளிச்சம் பார்த்து, அவசரப்படாமல் எடுத்த ஒருவர் கேமராவுக்குப் பின்னால் இருந்ததால்தான், பாரிசில் இருந்தவருக்கு ஆலங்காட்டான் ஆட்டம் புரிந்தது.

கல்யாணப் படத்துக்கும் இதுவே அடிப்படை. பார்க்கத் தெரிந்த ஒருவரைப் போதிய நேரத்துக்கு மண்டபத்தில் நிறுத்தத்தான் குடும்பம் பணம் கொடுக்கிறது. ஸ்டுடியோவில் நடக்கும் பேச்சு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. திருவள்ளூர், திருத்தணி, அரக்கோணம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என எங்கே போனாலும் பேக்கேஜ் தாள் ஒன்றை நீட்டுவார்கள். கேண்டிட் ஒருவர், ட்ரெடிஷனல் ஒருவர், வீடியோவுக்கு இரண்டு பேர், டிரோன், எல்.இ.டி. வால், பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலத்தில் நாற்பது ஷீட் கரிஷ்மா ஆல்பம், அதற்கு ஒரு பெட்டி, இரண்டு மினி புக், காலண்டர், இலவசமாக ஒரு பெரிய ஃபிரேம். அப்பா தாளைப் படிப்பார், மாமா பேரம் பேசுவார், ஐந்தாயிரம் குறையும், அட்வான்ஸ் கைமாறும்.

ஆல்பத்தில் யாருடைய முகம் அதிகம் வரப்போகிறதோ அந்தப் பெண் பல வீடுகளில் அந்த இடத்தில் இருப்பதே இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டில் இருப்பாள். அல்லது, கல்யாணப் பேச்சில் பெண் பிள்ளை வாய் திறக்கலாமா என்று வீட்டில் உட்கார வைத்திருப்பார்கள். முதலில் மாற வேண்டியது இதுதான். ஸ்டுடியோவுக்கு மணப்பெண் போக வேண்டும். அவளே கேட்க வேண்டும்.

விலையைக் கேட்பதற்கு முன்னால் அவள் ஒன்றைக் கேட்கலாம்: ‘அண்ணா, எங்க கல்யாணத்துக்கு நீங்களே வருவீங்களா, வேற ஆள் வருவாங்களா?’ ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பல குடும்பங்கள் ஒதுக்கிவிடுகின்றன. மிஞ்சிய மாதங்களின் நல்ல முகூர்த்த நாட்களில் எல்லாக் கல்யாணமும் வந்து குவிகிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஸ்டுடியோவில் மூன்று ஆர்டர் விழுந்தால், மூன்று மண்டபத்திலும் முதலாளி நிற்க முடியாது. வெளியாட்களை நாள் சம்பளத்துக்கு அழைத்துக்கொள்வார்கள். தொழில் அப்படித்தான் நடக்கிறது, அதில் குற்றம் இல்லை. அந்த வெளியாட்களில் மிகத் திறமையான பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை எடுத்தவர் ஒருவர், மண்டபத்துக்கு வருபவர் இன்னொருவர் என்றால், மணப்பெண் பார்த்துப் பிடித்துப்போன மாதிரிக்கு மதிப்பே இல்லை. வரப்போகிறவர் பெயர் என்ன, அவர் எடுத்த கல்யாணம் ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேட்டால், நல்ல ஸ்டுடியோக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தொழில் தெரிந்த பெண் வந்திருக்கிறாள் என்று சந்தோஷப்படுவார்.

மாதிரிப் படங்களைப் பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் இருப்பவை பல கல்யாணங்களில் இருந்து பொறுக்கி எடுத்த படங்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் யாருக்கும் ஒன்றிரண்டு நல்ல படம் அமைந்துவிடும். ஆகவே ஒரே கல்யாணத்தை முழுதாகக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மாலை ரிசப்ஷனில் இருந்து மறுநாள் பந்தி வரைக்கும், ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுப்பதற்கு முந்தைய ஃபோல்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்தப் பக்கத்தில் பல முகூர்த்தங்கள் நாலரை ஆறு, ஆறு ஏழரை. வெளியே இன்னும் இருட்டு. உள்ளே மண்டபத்தின் மஞ்சள் விளக்கு, முதுகுக்குப் பின்னால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எல்.இ.டி. வால், முன்னால் ஓமப் புகை, பக்கத்தில் வீடியோக்காரரின் வெள்ளை லைட். ஒரே முகத்தில் நான்கு நிறம் விழும் நேரம் அது. தாலி கட்டும் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் கை, பெண்ணின் கழுத்து, இருவர் முகம், பின்னால் நின்று முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல் இவையெல்லாம் தெரிகின்றனவா, அல்லது அட்சதை வீசும் கைகளும் தூக்கிப் பிடித்த செல்போன்களும்தான் தெரிகின்றனவா? கூட்டம் மேடையை மறைக்கும் என்பது அனுபவசாலிக்கு முன்கூட்டியே தெரியும். கெட்டிமேளத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே அவர் தன் இடத்தைப் பிடித்திருப்பார், இரண்டாவது ஆளை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருப்பார். அந்த ஒரு படத்தில் ஒருவருடைய தொழில் முழுதும் தெரிந்துவிடும்.

பிறகு அந்த ஃபோல்டரில் வயதானவர்களைத் தேட வேண்டும். தாத்தா, பாட்டி, சமையல்கட்டில் நின்ற சித்தி, சீர்த்தட்டு தூக்கிவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மணமக்களைத் தவிர வேறு முகமே இல்லாத தொகுப்பு பார்க்கப் பளபளப்பாக இருக்கும். இருபது வருஷம் கழித்து அந்த வீட்டார் தேடப்போகும் முகங்கள் அதில் இருக்காது.

அடுத்தது நிறம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஸ்டுடியோக்களுக்கும் லேப்களுக்கும் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுத்த தோல் எப்படி வருகிறது என்று வெகுகாலம் யாரும் பார்க்கவில்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்தது, பிலிமைத் திருத்தியதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கிறது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது.

இன்றைய டிஜிட்டல் கேமரா நம் ஊர் மாநிறத்தையும் கறுப்பையும் அருமையாகப் பதிவு செய்யும். கேமரா திருந்திவிட்டது, எடிட்டிங் திருந்தவில்லை. ‘ஸ்கின் டோன்’ பண்ணுகிறேன் என்று மவுஸை நாலு தரம் நகர்த்தினால் மாநிறப் பெண் மைதா நிறத்துக்கு வந்துவிடுகிறாள். மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையே இருக்க வேண்டிய நிழல் காணாமல் போகிறது. தங்கையின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து ‘இது யாரு?’ என்று அண்ணன் பிள்ளைகள் கேட்கும்படி ஆகிறது. கேட்டால், பெண் வீட்டார்தான் வெளுப்பாக வேண்டும் என்கிறார்கள் என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. சென்னையில் இயங்கும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தை ஏன் தொடங்க வேண்டிவந்தது என்று ஒவ்வொரு வீடும் யோசிக்க வேண்டும்.

திருவாலங்காட்டில் இதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது. அழகிய உடம்பு வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்று, இந்தத் தலத்தில் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்தவர் காரைக்கால் அம்மையார் என்று பெரியபுராணம் சொல்லும். சோழ நாட்டுச் சிற்பிகள் அவரைச் செம்பில் வார்த்தபோது விலா எலும்பும் வற்றிய மார்பும் கையில் தாளமுமாக, அவர் எப்படியோ அப்படியே வார்த்தார்கள். திருத்தி அழகாக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

மாதிரி ஆல்பத்தில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பெண்ணின் முகத்தையும், மருதாணி வைத்த அதே பெண்ணின் கையையும் சேர்த்துப் பார்த்தால் போதும். முகம் வெளுத்து, கை மாநிறமாக இருந்தால் எடிட்டிங் மேஜையில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். ‘பரு, காயத் தழும்பு மட்டும் எடுத்தால் போதும், நிறத்தை மாற்றக் கூடாது’ என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும். மேக்கப் ட்ரையல் அன்று மண்டபத்து விளக்குக்குச் சமமான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பதும் நல்லது. பியூட்டி பார்லர் கண்ணாடியில் சரியாகத் தெரிந்த ஃபவுண்டேஷன், ஃபிளாஷ் பட்டால் சாம்பல் பூத்துப்போவதுண்டு.

அலங்காரம் நடக்கும் அறைக்குள் யார் வருவார் என்பதையும் மணப்பெண்ணே முடிவு செய்ய வேண்டும். பெண் புகைப்படக்காரர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. 1930-களின் இறுதியிலேயே ஹோமாய் வியாரவாலா தொழிலாகக் கேமரா தூக்கிய நாடு இது. ஸ்டுடியோவில் பெண் இல்லையென்றால், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லலாம். முஸ்லிம் குடும்பங்கள் சில இதை வெகுநாளாகக் கேட்டு வாங்குகின்றன.

திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று ஒரு சிறப்பு இருக்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்கள் என்பதால் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டுக் கல்யாணத்தில் சரியான முகூர்த்த நேரம் என்பது, மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கும் நேரம். தாலி அதற்குப் பிறகுதான். தமிழ் வீட்டுக் கல்யாணங்களையே எடுத்துப் பழகியவர், தாலிக்குத்தான் நேரம் இருக்கிறதே என்று அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். சுயமரியாதைத் திருமணத்தில் ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ ஒன்று போதும், கல்யாணம் முடிந்தது. மாலை மாற்றும் அரை நிமிஷத்தைத் தவறவிட்டால் பிறகு மேடையில் இருப்பவை வாழ்த்துரைகள் மட்டுமே. ஆகவே தன் வீட்டுச் சடங்கு எந்த வரிசையில் நடக்கும், எது முக்கியம் என்று மணப்பெண் வீட்டார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதோடு, கட்டாயம் படத்தில் வர வேண்டிய உறவினர் பெயர்களும், அவர்களை அடையாளம் காட்டிக் கூட்டிவர ஒரு ஆளும். இந்த வேலைக்குத் தாய்மாமனை விடச் சுறுசுறுப்பான அத்தை பிள்ளை பொருத்தம், மாமனுக்கு மேடையிலேயே வேலை சரியாக இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஒரு டீமை அழைத்து வருவதும் இங்கே சகஜம். இரண்டு டீமும் மேடையில் முட்டிக்கொண்டு, ஒருவர் படத்தில் மற்றவர் முதுகு விழும். யார் எந்தப் பக்கம் நிற்பது என்று இரண்டு போட்டோகிராபர்களும் முதல் நாளே போனில் பேசிக்கொண்டால் தீர்ந்தது. இரண்டு வீடும் சேர்ந்து ஒரே நல்ல டீமை வைத்துக்கொண்டால் அதைவிடச் சிறப்பு. செலவும் பாதியாகும்.

கோயில் கல்யாணத்தில் விதிகள் வேறு. திருத்தணி முருகன் சந்நிதியிலோ வேறு கோயிலிலோ தாலி கட்டுவதென்றால், எந்த இடம் வரைக்கும் கேமரா போகலாம் என்று கோயில் அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூன் 9 அன்று மாமல்லபுரத்தில் கல்யாணம் செய்துகொண்ட நடிகை நயன்தாராவும் இயக்குநர் விக்னேஷ் சிவனும் மறுநாள் திருமலைக்குப் போனார்கள். மாட வீதியில் செருப்போடு நடந்ததும் அங்கே போட்டோ ஷூட் நடத்தியதும் தேவஸ்தானத்தின் கண்டனத்துக்கு ஆளானது. விக்னேஷ் சிவன் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலேயே அனுமதி கேட்க விட்டுப்போனது என்றால், சாதாரணக் குடும்பம் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

அவுட்டோர் ஷூட்டுக்குப் பூண்டி ஏரிக்கரையும் பழவேற்காடும் இங்கே பிடித்தமான இடங்கள். தண்ணீருக்குள் இறங்கச் சொல்லும் புகைப்படக்காரருக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். 2020 நவம்பரில் கர்நாடகத்தின் தலக்காட்டில், காவிரியில் பரிசல் கவிழ்ந்து, நிச்சயிக்கப்பட்ட ஜோடி ஒன்று ப்ரீ-வெட்டிங் ஷூட்டின்போதே இறந்துபோனது.  சென்னை அரக்கோணம் ரயில் பாதை திருவாலங்காடு வழியாகத்தான் போகிறது. தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. டிரோனைப் பொறுத்தவரை, அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. கடற்படைத் தளங்களைச் சுற்றி அனுமதியில்லாமல் டிரோன் பறக்கத் தடை உண்டு. பேக்கேஜில் டிரோன் இருந்தால், மண்டபம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் ஸ்டுடியோக்காரர் பார்த்தாரா, ஓட்டுபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். பந்தி நேரத்தில் மண்டபத்துக் கூரையை மேலிருந்து காட்டும் படத்துக்காக இவ்வளவு சிரமம் தேவைதானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

இனி காகிதத்துக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலும் அட்வான்ஸ் ரசீது ஒன்றோடு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. அதில் தேதியும் தொகையும் இருக்கும், மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. இது போதாது.

படம் யாருக்குச் சொந்தம் என்பதில் இருந்தே தொடங்கலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாண வீட்டார் பலருக்கு இது தெரியாது. ஆனால் அந்த ‘வேறுவிதமான ஒப்பந்தம்’ ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். படங்களை விளம்பரத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் பயன்படுத்திக்கொள்ள ஸ்டுடியோவுக்கு உரிமை உண்டு என்று அதில் போட்டிருப்பார்கள். மணப்பெண்ணுக்குச் சம்மதம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சம்மதம் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பின் தெரியாதவர் பெண்ணின் படத்தை எடுத்துப் போலிக் கணக்குத் தொடங்குகிற காலம் இது. அப்படி நடந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

ஒரு காட்சி யாருக்குச் சொந்தம் என்ற சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்தது. நயன்தாராவின் கல்யாண ஆவணப்படம் 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, ‘நானும் ரவுடி தான்’ படப்பிடிப்பின் 3 நொடிக் காட்சிக்காகத் தயாரிப்பாளர் தனுஷ் தரப்பு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதாக நயன்தாராவே பகிரங்கக் கடிதத்தில் சொன்னார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

பிறகு நேரம். எத்தனை மணிக்கு வருவார்கள், எத்தனை மணிக்குப் போவார்கள் என்று எழுத வேண்டும். நியூயார்க்கில் 2003-இல் நடந்த ஒரு கல்யாணத்தில், கடைசிப் பதினைந்து நிமிஷத்தை எடுக்காமல் விட்டார்கள் என்று மாப்பிள்ளை பின்னாளில் ஸ்டுடியோ மேல் வழக்குப் போட்டார். கல்யாணத்தைத் திரும்ப நடத்திப் படம் எடுக்க 48,000 டாலர் கேட்டார். 2011-இல் அந்த வழக்கு பத்திரிகைச் செய்தியானபோது அந்தத் தம்பதி பிரிந்துவிட்டிருந்தார்கள். வழக்கு விநோதமானது என்றாலும், எத்தனை மணி வரை என்பதை இரு தரப்பும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. நம் பக்கத்தில் இந்தத் தகராறு பெண் அழைப்பின்போது வரும், அல்லது மறுவீட்டின்போது வரும். பேக்கேஜில் மறுவீடு உண்டா இல்லையா என்பதை மறுவீட்டு வாசலில் நின்று பேசக் கூடாது.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது வழக்கம்: பதிவு செய்யும்போது ஒரு பங்கு, கல்யாணத்தன்று ஒரு பங்கு, ஆல்பம் கைக்கு வரும்போது ஒரு பங்கு. கடைசிப் பங்கு கணிசமாக இருப்பதுதான் பெண் வீட்டாருக்குப் பாதுகாப்பு. மண்டபத்திலேயே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு ஆல்பத்துக்கு நடையாய் நடக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஏமாற்றம் நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ஸ்டுடியோ எந்த ஊரில் இருந்தாலும் மனுதாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே, அதாவது திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். முதல் கட்டமாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம். எதற்கும் கையில் எழுத்து வேண்டும்.

ஆல்பம் தாமதமாவதற்கு எப்போதும் ஸ்டுடியோதான் காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. மண்டபத்தில் மூவாயிரம் படம் எடுத்திருப்பார்கள். ஒரு படத்துக்குப் பத்து நொடி பார்த்தாலே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் இருந்து ஆல்பத்துக்கு இருநூறு படம் பொறுக்க வேண்டும். மணப்பெண் மறுவீடு, விருந்து எல்லாம் முடித்து, லீவு தீர்ந்து ஷிஃப்டுக்குத் திரும்பியிருப்பாள். புகுந்த வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டிருக்க முதல் மாதத்தில் தயக்கமாக இருக்கும். செலக்‌ஷன் ஆறு மாதம் இழுக்கும். அதற்குள் ஸ்டுடியோவில் அடுத்த சீசன் வந்துவிடும். இதற்குத் தீர்வு, மூவாயிரத்தையும் தள்ளிவிடாமல், கண் மூடியவை, மங்கியவை, ஒரே மாதிரியானவை எல்லாவற்றையும் கழித்து ஐந்நூறு அறுநூறாகத் தரும்படி முன்பே பேசிக்கொள்வது. கழிப்பது புகைப்படக்காரரின் வேலை, அதற்கும் சேர்த்துத்தான் கூலி. இந்தத் தேதிக்குள் படம் தருகிறோம், இந்தத் தேதிக்குள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம், அதில் இருந்து இத்தனை நாளில் ஆல்பம் என்று இரு தரப்புக்கும் கெடு இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும்.

கொடுத்த படத்தைக் காப்பாற்றுவது இன்னொரு கதை. 1990-களில் கல்யாணம் செய்துகொண்ட தாய்மார்கள் பலர் வீட்டில் வீடியோ கேசட் இருக்கும். ஓட்டிப் பார்க்க டெக் இருக்காது. உலகத்தில் வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இன்றைய பென்டிரைவுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் இதே கதி வரலாம். ஸ்டுடியோவில் பத்திரமாக இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஒரு கேமராவில் ஒரு மணி நேரம் 4கே வீடியோ எடுத்தாலே ஏறக்குறைய 45 ஜி.பி. சேரும். இரண்டு கேமரா, இரண்டு நாள் என்று பெருக்கிப் பார்த்தால், அவர்களும் சில மாதத்தில் அழித்துத்தான் ஆக வேண்டும். எப்போது அழிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குள் இரண்டு ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, ஒன்றைப் பிறந்த வீட்டிலும் ஒன்றைப் புகுந்த வீட்டிலும் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தை மட்டும் நம்பக் கூடாது, அது சுருங்கிப்போன பிரதி.

தாளில் அச்சிட்ட படம் வெகுகாலம் நிற்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தேடிப் பதிவு செய்தார்கள். குடும்பப் படங்களும் தம்பதி படங்களும் அதில் நிறைய. மூடிப்போன ஸ்டுடியோக்களின் படங்கள் இப்படித்தான் மிஞ்சின. ஆகவே ஆல்பம் வேண்டாம், பென்டிரைவ் போதும் என்று நினைப்பவர்களும் ஐம்பது படமாவது நல்ல தாளில் பிரிண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். நாற்பது ஷீட் தேவையில்லை. மூன்றடி அகலப் பக்கத்தில் ஒரே முகத்தை ஐந்து தரம் ஒட்டி, பின்னால் தாஜ்மகாலும் ரோஜாவும் வைத்து நிரப்பிய ஆல்பத்தைவிட, இருபது ஷீட்டில் ஒழுங்காக வடிவமைத்த ஆல்பம் கையில் எடுத்துப் பார்க்கச் சுகமாக இருக்கும். மிச்சமாகும் பணத்தை இரண்டாவது புகைப்படக்காரருக்குக் கொடுக்கலாம்.

பேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கேமரா, லென்ஸ், லைட் என்று லட்சங்களைப் போட்டு, வருஷத்தில் சில மாதம் மட்டுமே வேலை கிடைக்கும் தொழில் இது. விடிய விடிய நின்று, பந்தியில் கடைசி இலையில் சாப்பிட்டு, பிறகு வாரக்கணக்கில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். அடிமட்டத்துக்கு விலையைக் குறைத்தால், அவர்கள் ஓர் ஆளைக் குறைப்பார்கள், எடிட்டிங்கில் கை வைப்பார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை. விலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பொருளைக் குறைக்கச் சொல்வது இரு தரப்புக்கும் நல்லது. எல்.இ.டி. வாலை எடுத்துவிடலாம், டிரோனை, காலண்டரை, மினி புக்கை எடுத்துவிடலாம். ஆளையும் நேரத்தையும் மட்டும் குறைக்கக் கூடாது. கல்யாணத்தன்று அவர்களுக்கு நேரத்தோடு இலை போட்டு உட்கார வைக்க ஒருவரை நியமித்தால், அந்த மரியாதை படத்தில் தெரியும்.

வரும் தை முகூர்த்தத்துக்கு நாள் பார்த்திருக்கும் தங்கைகள், ஸ்டுடியோவுக்கு நீங்களே போங்கள். அப்பாவும் மாமாவும் கூட வரட்டும், கேள்வியை நீங்கள் கேளுங்கள். வருபவர் பெயர், வரும் நேரம், போகும் நேரம், நிறத்தை மாற்றக் கூடாது என்ற வரி, படம் வெளியிடச் சம்மதம் உண்டா இல்லையா, ஆல்பம் தரும் தேதி, கடைசித் தவணைத் தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை உங்கள் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.